சிங்கம் பெல்ட் மாற்றினார்

ஆபீஸில் அவருக்குச் சிங்கம் என்று பெயர். யார் வைத்தது என்று அவர் விசாரித்ததில்லை. விசாரித்தால் மாற்றிவிடுவார்களோ என்ற பயம். பதிவுப் பிரிவுக்கு அவர்தான் மேலாளர். காலையில் அவர் உள்ளே நுழையும்போது ஒரு தலைகூட நிமிர்ந்திருக்காது. "நான் யாரையும் அதட்டினதே இல்ல. வந்து நின்னா போதும்" என்று மச்சானிடம் மார்தட்டிக்கொள்வார்.

வீட்டில் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. அவருடைய பழைய கார் ஓட ஆரம்பித்தாலே 'கீ' என்று கத்தும். "தெருமுனை திரும்பும்போதே நீங்க வர்றது தெரிஞ்சுடுது" என்பாள் மனைவி. ரேடியோவைச் சத்தமாக வைத்து அவர் அந்தப் பிரச்சினையைத் தீர்த்திருந்தார். பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தபோது அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். கடைசியில் ஹெட்லைட்டும் மின்மினிப்பூச்சியாக மங்கியது. மெக்கானிக்கோ மகள் கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

"என்ஜின் பெல்ட் தேஞ்சுதான் இவ்வளவும். ஒரு பெல்ட்டுக்கு மெக்கானிக் எதுக்கு? நானே மாத்துறேன்."

ஞாயிற்றுக்கிழமை புது பெல்ட்டோடு பானெட்டைத் திறந்தார். பேட்டரி ஒயரைக் கழற்றியதுவரை கம்பீரம் குறையவில்லை. பிறகு பழைய பெல்ட்டைக் கையால் பிடித்து இழுத்தார். அது வரவில்லை, அவர்தான் மல்லாக்க விழுந்தார்.

டார்ச் பிடித்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்த போல்ட்டைத் தளர்த்தினா மோட்டார் நகரும் போல இருக்கே."

"அது மோட்டார் இல்ல. பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற ஆல்டர்நேட்டர்."

"சரி, ஆல்டர்நேட்டரே நகரட்டும்."

நகர்ந்தது. பெல்ட் தொளதொளவென்று கையில் வந்தது. உள்பக்கம் முழுக்க வெடிப்பு. புதியதை மாட்டினார்.

"பள்ளம் உள்பக்கம்தானே வரணும்?"

"தெரியும். அளவு பார்த்தேன்" என்று கழற்றித் திருப்பி மாட்டினார். இரும்புக் கம்பியால் ஆல்டர்நேட்டரை நெம்பி, பெல்ட் விறைப்பானதும் போல்ட்டை இறுக்கினார். ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி திருப்ப, ஓடிக்கொண்டிருந்த என்ஜின் 'கர்ர்ர்' என்று சீறியது.

"போதும், அது ஓடுது!" என்றாள் மனைவி. நகக்கண்ணெல்லாம் கரி. இருந்தாலும் அன்று முழுக்க அவர் கை கழுவ மனமில்லாமல் திரிந்தார்.

திங்கட்கிழமை பூனை மாதிரி வந்து நின்றது கார். சிங்கம் உள்ளே நுழைந்தார். முதல் மேஜைக்காரர் ஃபைலைத் தலையணையாக்கிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேர் சீட்டாட்டத்தில் இருந்தார்கள். அவருடைய நாற்காலியில் டைப்பிஸ்ட் சாய்ந்து, அவர் மேஜைமேல் கால் நீட்டி, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

டைப்பிஸ்ட் பதறி எழுந்தார். "சார், வண்டிக்கு என்னாச்சு? சத்தமே கேக்கலையே!"

"பெல்ட் மாத்தினேன்."

"நீங்களேவா?"

"நானேதான்."

"ஏன் சார்?" அந்தக் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

இத்தனை வருஷம் குனிந்த தலைகள் தன்னைப் பார்த்துக் குனிந்தனவா, பெல்ட்டைக் கேட்டுக் குனிந்தனவா? கர்ஜிக்க வாயைத் திறந்தார். பழக்கமில்லாததால் இருமல்தான் வந்தது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போனார். திரும்பி வந்தபோது எல்லாத் தலைகளும் ஒழுங்காகக் குனிந்திருந்தன. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தி, நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.

காவல்காரர் ஓடி வந்தார். "கேட் திறந்துதானே சார் இருக்கு?"

"தெரியும்" என்றவர், இன்னொரு முறை அடித்துவிட்டு, நிதானமாக உள்ளே ஓட்டிப் போனார்.