பீம் இறங்கிய சுவர்

ஜெகதீஸ்வரி கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுப் பிளான் கீறிப் பிழைத்தவள். தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து, கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போர்க்காலம் என்பதால், வடக்கிலிருந்து வந்த தமிழர் தங்கும் விலாசத்தைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. அடையாள அட்டையும் அந்தப் பதிவுத் துண்டும் எப்போதும் கைப்பையில் இருக்கும்.

மறு வருடம் ஆவணியில் சண்முகலிங்கம் அவளைத் தன் லொட்ஜுக்குக் கூப்பிட்டார். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்த பழைய மாடி வீடு அது. கீழே தொலைபேசிக் கடை போடுவதற்காக நடுச்சுவரை உடைத்துவிட்டு, மேல்மாடியைத் தாங்க இரும்பு பீம் ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார். மேலே வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள் முப்பத்திரண்டு பேர்.

"பூச்சு வெடிச்சிருக்குது, பிள்ளை. ஒருக்கால் பாரும்."

அவள் ஏணியில் ஏறிப் பூச்சைச் சுரண்டினாள். பீமின் நுனி மூன்று அங்குலந்தான் சுவரில் ஏறியிருந்தது. கீழிருந்த செங்கலைத் தொட்டதும் சிவப்புத் தூள் அவள் கையில் கொட்டியது.

"பூச்சில்லை அண்ணை, கல்லே நொறுங்குது. மேல்மாடிப் பாரமெல்லாம் இந்த ரெண்டு கல்லிலதான் நிக்குது. பீமுக்குக் கீழ அகலமா ஒரு கொங்கிறீட் கட்டை வைச்சாத்தான் பாரம் சுவர் முழுக்கப் பரவும். அதுவரைக்கும் முட்டுக் குடுங்கோ, சனத்தை இறக்குங்கோ."

"இறக்கி எங்க விடுறது? பதிவில்லாத இடத்தில படுத்தா பொலிஸ்காரர் அள்ளிக்கொண்டு போயிடுவாங்கள்."

அவர் சொன்னது உண்மைதான். அவள் சுவரின் படத்தை ஒரு தாளில் கீறி, நொறுங்கும் இடத்துக்கு அம்புக்குறி போட்டு, விலாசத்தையும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை காலி நகருக்குப் போகும் பெருவீதிச் சோதனைச்சாவடியில் அந்தத் தாளை விரித்த சிப்பாய் அவளைப் போகவிடவில்லை. பொலிஸ் நிலையத்தில் அதிகாரி அம்புக்குறியில் விரலை வைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

"இந்த இடத்தில் அடித்தால் கட்டடம் விழுமா?"

"அடிக்கத் தேவையில்லை, சேர். தானாகவே விழும்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்பது அவளுக்கு உறைத்தது. இருந்தும் வாயை மூடிக்கொள்ள முடியவில்லை.

"போய்ப் பாருங்கள். முதலில் ஆட்களை வெளியே எடுங்கள்."

மத்தியானம் பொலிஸ் ட்ரக் லொட்ஜுக்குப் போனது. முப்பத்திரண்டு பேரையும் விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அன்று பின்னேரமே பீமின் நுனி சுவரைப் பிளந்துகொண்டு இறங்கியது. மேல் அறைகள் மூன்றும் கீழே வந்தன. உள்ளே சூட்கேஸ்களைத் தவிர எவரும் இல்லை.

மூன்றாம் நாள் ஜெகதீஸ்வரியை விட்டார்கள். மற்றவர்களும் ஒருவர் ஒருவராக வெளியே வந்தார்கள், பாலசுந்தரம் என்ற இளைஞனைத் தவிர. அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எந்த நிலையத்திலும் சொல்லவில்லை.

தை மாதத்தில் அவனுடைய தாய் நேசமலர் விசாரித்து விசாரித்து ஜெகதீஸ்வரியின் அறைக்கு வந்தாள்.

"நீர்தானே காட்டிக்குடுத்தனீர்?"

"அம்மா, அண்டைக்கே சுவர் விழுந்தது. உள்ள இருந்திருந்தா..."

"விழுந்திருந்தா என்ர பிள்ளையின்ர உடம்பாவது கிடைச்சிருக்கும்."

பாலசுந்தரம் பற்றிக் கடைசிவரை ஒரு செய்தியும் வரவில்லை. தான் இருந்த ஒழுங்கையில் எவரும் தன்னோடு கதைக்காமல் விட்டபோது ஜெகதீஸ்வரி நகரின் மறுபக்கத்துக் கொட்டாஞ்சேனைக்கு அறை மாறினாள். புதிய விலாசத்தைப் பதிய, முதல் வேலையாகப் பொலிஸ் நிலையத்து வரிசையில் போய் நின்றாள்.