பின் டயர் இரண்டு தரம் வெடித்த காலை

சைக்கிள் டயர் வெடித்தால் அதற்குக் காரணம் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் எடைதான் என்று முப்பத்தோரு வயது வரை நம்பியிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். பின்னால் உட்கார்ந்து வந்தவளிடமே, நடு ரோட்டில் வைத்து, அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். வந்தவள் என் மனைவி. நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் இருந்தது. நான் அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிப் பட்டறைக்கு வேலைக்குப் போய் வந்தேன். கரண்ட் இருந்தால் கூலி, இல்லாவிட்டால் முதலாளி வாசலில் சீட்டாட்டம். மழை பெய்தால் ஊரில் பருத்தி, பெய்யாவிட்டால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில், பத்தாவது பாஸ் செய்திருந்த என் மனைவிக்கு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு நேர்காணல் கார்டு வந்தது. திருச்சுழி யூனியன் ஆபீஸ், காலை பத்து மணி, அசல் சான்றிதழ்களோடு வரவும் என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து அவள் அடுப்படியில் தனியாகப் பேச ஆரம்பித்தாள். ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு, முட்டை என்றைக்கு என்று குழம்பு கொதிக்கக் கொதிக்கப் படித்தாள். இரண்டு தரம் குழம்பு அடிப்பிடித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் செய்த ஒருசில நல்ல காரியங்களில் அது ஒன்று.

அப்போது என்னிடம் ஒரு ரேஸ் சைக்கிள் இருந்தது. ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், கட்டைவிரல் பருமனில் டயர். முதலாளி வீட்டில் ஓட்டிச் சலித்துக் கொல்லையில் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதற்கு ஒரு கேரியரும் மாட்டினேன். ரேஸ் சைக்கிளுக்குக் கேரியர் மாட்டியவன் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குனிந்து ஓட்டும்போது எதிரே வருகிறவர்களுக்கு என் தலை மட்டும் தெரியும், பின்னால் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அவள்தான் ஓட்டுகிறாள், நான் இழுக்கிறேன் என்று தோன்றும் என்று பட்டறையில் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தச் சைக்கிளில் ஒரு குறை இருந்தது. சக்கரத்தின் உள்பக்கம் கம்பிகளை மாட்டும் ஓட்டைகள் இருக்கும். அவற்றின் விளிம்பு டியூப்பை அறுக்காமல் இருக்க ஒரு ரப்பர் பட்டை சுற்றியிருப்பார்கள், ரிம் டேப் என்பார்கள். என் சைக்கிளில் அது இற்று உதிர்ந்துவிட்டது. இந்த ஒல்லி ரிம்முக்கு அருப்புக்கோட்டையில் டேப் கிடைக்கவில்லை. நான் கவலைப்படவில்லை. தறிக்காரனுக்கு எதற்கு ரப்பர்? எங்கள் பட்டறையில் அறுந்தது, பிய்ந்தது, கழன்றது எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் கழிவு நூல்தான். செருப்பு வார் அறுந்தாலும் அதுதான், கையில் வெட்டுக்காயம் பட்டாலும் அதுதான். சிவப்பும் பச்சையுமாக ஒரு பிடி எடுத்து வந்து ரிம்முக்குள் இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டு, மேலே டியூப்பை உட்காரவைத்தேன். பக்கத்துத் தறிக்காரர் வந்து பார்த்துவிட்டு, “கம்பெனிக்காரனுக்கு இது தோணலையே” என்றார். எனக்கும் அதே ஆச்சரியம்தான்.

நேர்காணல் அன்று எட்டு மணிக்குத் திருச்சுழி பஸ் வந்தது. மனைவி மாம்பழ நிறச் சேலையில், சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு பிடித்தபடி பஸ்ஸுக்குக் கைகாட்டப் போனாள்.

“இந்தா, பஸ்ஸுல நசுங்கி, வேத்து விறுவிறுத்துப் போயி அவுக முன்னாடி நிக்கப் போறியா? ஏறு. முக்கா மணி நேரத்துல கொண்டுபோயி விட்டுர்றேன்.”

“நெசமாத்தானா?”

“ரேஸ் சைக்கிளுடி இது!”

நானே கையை ஆட்டி அந்தப் பஸ்ஸைப் போகச் சொன்னேன். அடுத்த பஸ் பத்தரைக்கு.

ரெண்டு பேர் போகிறோம் என்பதால் முதல் நாளே காற்றை ஏற்றி வைத்திருந்தேன். நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலித்தது. மூன்று கிலோமீட்டர் நன்றாகத்தான் போனோம். அவள் பின்னாலிருந்து முட்டைக் கணக்கை ஒப்பித்துக்கொண்டு வந்தாள்.

பஞ்சர் என்பது மரியாதை தெரிந்தது. உஸ்ஸென்று சொல்லிக்கொண்டு போகும், நாமும் இறங்கிக்கொள்ளலாம். வெடி அப்படியில்லை. டமார் என்று ஒரு சத்தம், வேலிக்கருவைக்குள்ளிருந்து நாலைந்து மயில் எழுந்து ஓடின. சக்கரம் தரையில் கடகடத்து, ஹேண்டில்பார் என் கையை விட்டுத் தன் இஷ்டத்துக்கு ஆடியது. அவள் குதித்து இறங்கிவிட்டாள். ஃபைல் நெஞ்சிலேயே இருந்தது.

எங்கள் பக்கத்தில் டயர் போனால் குற்றவாளி யார் என்று விசாரிக்கவே வேண்டாம். வேலிக்கருவை முள்தான். டயர் முழுக்கத் தடவித் தேடினேன். முள் இல்லை, ஆணி இல்லை, கண்ணாடிச் சில்லு இல்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று யோசித்து நிமிர்ந்தபோது, எதிரே அவள் நின்றாள்.

“நேத்து ராத்திரி என்ன சாப்புட்ட நீ?” என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது.

“எங்க சாப்புட்டேன்? பயத்துல தண்ணிகூட எறங்கல.”

“இல்ல, இந்த டயரு ஒல்லி. வெயிட்டு தாங்காது. அதான்...”

“ஏறு ஏறுன்னு நீங்கதான சொன்னீக?”

நல்லவேளை, வேறு டியூப் ஒன்று பையில் இருந்தது. கையடி பம்பும் இருந்தது. மாற்றி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அவள் கேட்டதெல்லாம் மணிதான். “ஒம்போது ஆகலையில்ல?” என்று ஒரு தரம், “ஒம்போதே காலாயிருக்குமா?” என்று ஒரு தரம். எடையைத் தாங்க வேண்டுமே என்று, இந்தத் தரம் முதலில் அடித்ததைவிட அதிகமாக அடித்தேன். என் அறிவுக்கு அவ்வளவுதான் எட்டியது.

ஒன்றரை கிலோமீட்டரில் மறுபடி டமார்.

அவள் இறங்கினாள், சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள், திருச்சுழிப் பக்கமாக நடக்கத் தொடங்கினாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். வெயில் ஏறிவிட்டது. ரெண்டு பக்கமும் முள்காடு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரோடு மட்டும். விறகுக்கட்டு ஏற்றிய சைக்கிள்காரர் ஒருவர் போனார், அவரிடம் கேட்டு என்ன செய்ய? அவள் வேகமாக நடந்தால் நானும் வேகமாகத் தள்ளினேன், அதனால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. வாட்சை மட்டும் பார்த்தேன். பத்தாகும்போது அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அரிசிக் கணக்கும் நின்றுவிட்டது.

பத்து மணிக்கு மேல் கரிமூட்டை லாரி ஒன்று வந்தது. நான் ரோட்டுக்கு நடுவிலேயே போய் நின்றேன். டிரைவர் தலையை நீட்டினார்.

“என்னண்ணே, அங்கிட்டு மூட்டை ஏத்தயில வெடிச்சத்தம் கேட்டுச்சே, நீங்கதானா? நான் குவாரில வேட்டு வக்கிறாகன்னு நெனச்சேன்.”

“தம்பி, இவுகளுக்கு யூனியன் ஆபீஸுல இன்டர்வியூ. பத்து மணிக்கு.”

“பத்து தாண்டிருச்சேண்ணே!” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். “ஏறுங்கக்கா. சீட்டெல்லாம் கரி. பரவால்லயா?”

என் தோளில் கிடந்த துண்டை விரித்து அதன்மேல் அவளை உட்காரவைத்தேன். முன்னால் அதற்கு மேல் இடமில்லை, நான் சைக்கிளோடு ரோட்டிலேயே நின்றுவிட்டேன். லாரி நகர்ந்தது. பின்னால் கட்டியிருந்த மூட்டைகளிலிருந்து கரித்தூள் பறந்து, என் மேலும் சைக்கிள் மேலும் பாரபட்சமில்லாமல் விழுந்தது.

நான் திருச்சுழி எல்லைக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு ஆகப்போகிறது. நேரே யூனியன் ஆபீஸுக்குப் போயிருக்க வேண்டும். போகப் பயமாக இருந்தது. அதனால் சைக்கிள் கடையில் நின்றேன். கடைக்கார பாய்க்கு என் வயதுதான் இருக்கும். அவரிடம் இரண்டு டியூப்பையும் கொடுத்து, “முள்ளு எங்க இருக்குன்னு பாருங்க பாய்” என்றேன்.

அவர் இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, வால்வும் வால்வும் நேருக்கு நேர் இருக்கும்படி வைத்தார். இரண்டிலும் கிழிசல் ஒரே இடத்தில் இருந்தது. அளவெடுத்து வெட்டிய மாதிரி.

“முள்ளு வெளிய இருந்துதானண்ணே வரும்? இது ரெண்டும் உள்பக்கமால்ல கிழிஞ்சிருக்கு” என்றவர், டயரைக் கழற்றிச் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சிவப்பும் பச்சையுமாக நூலை விரலில் சுருட்டி வெளியே இழுத்தார்.

“இதென்னண்ணே, ரிம்முக்குள்ள சேலை நெய்ஞ்சிருக்கீக?”

காற்று கூடி, ரோட்டுச் சூடும் சேர்ந்தபோது நூல் ஒதுங்கிவிட்டது. ஒதுங்கிய இடத்தில் கம்பி ஓட்டை திறந்து, டியூப் அதற்குள் பிதுங்கி, விளிம்பில் அறுபட்டு வெடித்திருக்கிறது. எத்தனை புது டியூப் போட்டாலும் அங்கேதான் வெடிக்கும். “காத்த எம்புட்டுக்கு எம்புட்டு ஏத்துறீகளோ, அம்புட்டுக்கு அம்புட்டுச் சீக்கிரம் அறுக்கும்” என்றார் பாய். அவள் எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு எப்படித்தான் தோன்றியதோ, இதை அவளிடம் போய்ச் சொன்னால் அவள் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன்.

யூனியன் ஆபீஸ் வாசலில் கூட்டம் கலைந்திருந்தது. அவள் வேப்பமரத்தடியில் நின்றாள். மாம்பழச் சேலையின் முந்தியில் கரி. என் துண்டை மடித்து ஃபைலுக்கு மேல் வைத்திருந்தாள். என்னாச்சு என்று கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் நானே ஆரம்பித்தேன். ரிம், கம்பி ஓட்டை, கழிவு நூல், காற்று, ரோட்டுச் சூடு, ஒரே இடத்தில் இரண்டு கிழிசல் எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கிழிந்த டியூப்பைக்கூட எடுத்துக் காட்டினேன். கடைசியில், “ஒன் வெயிட்டு இல்ல, பாத்தியா” என்றும் சொன்னேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“எதுனால வெடிச்சதுன்னு எனக்கு எதுக்குங்க? எம் பேருக்கு நேரா ‘ஆள் வரல’ன்னு எழுதிட்டாக.”