எட்டுப் பேருக்கு மேல் ஏலாது

போன வாரம் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் மின்கம்பத்தில் ஒருவர் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். 'அனெக்ஸ் வாடகைக்கு. சிறிய குடும்பம் மட்டும்.' கோதுமை மாவில் காய்ச்சிய பசை. இந்தக் காலத்தில் யார் அதைக் காய்ச்சுகிறார்கள் என்று யோசித்தபடி கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன். அந்தப் புளித்த வாசனை என்னை நேரே கொட்டாஞ்சேனை வீட்டின் குசினிக்குக் கொண்டுபோய் விட்டது. வருடத் தொடக்கத்தில் எங்கள் கொப்பிகளுக்கு உறை போட மாமி அங்கேதான் பசை காய்ச்சுவார். ஏழு பிள்ளைகளின் கொப்பிகள் என்பதால் ஒரு சட்டி நிறையக் காய்ச்ச வேண்டியிருக்கும்.

அந்த வீட்டில் நாங்கள் பதினொரு பேர். அப்பா, அம்மா, பிள்ளைகள் ஏழு, மாமி, மாமா. மாமியும் மாமாவும் கணவன் மனைவி அல்லர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. மாமி அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்யாதவர். கொச்சிக்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாமா அம்மாவின் தம்பி. ஒருகொடவத்தையில் லொறிகள் நிற்கும் டிப்போ ஒன்றில் வேலை செய்தார். பிள்ளைகளில் நான் நாலாவது. மூத்தவர்களின் பொறுப்பும் கிடையாது, கடைசிகளின் செல்லமும் கிடையாது. காய்ச்சல் வந்தால் மட்டும் என் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

பாண் வாங்க விடியற்காலையில் பேக்கரி வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது, வீட்டைச் சீதனமாகக் கொடுக்கப் போகிறார், மூன்று மாதத்தில் விட்டுத் தரவேண்டும் என்று மரியாதையாகச் சொல்லி, அம்மா கொடுத்த கோப்பியையும் குடித்துவிட்டுப் போனார்.

எங்கே போவது என்பதில் வீடு இரண்டுபட்டது. அப்பாவுக்கு வெள்ளவத்தை. நல்ல பள்ளிக்கூடங்கள், கடற்காற்று, கந்தோரில் அவரோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் அங்கே. அம்மாவுக்கு ஜிந்துப்பிட்டி. முருகன் கோயில், சந்தை, டிஸ்பென்சரி எல்லாம் நடந்து போகிற தூரம். மாமா ஒருகொடவத்தையில் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார்; லொறிச் சத்தத்தில் பிள்ளைகள் படிப்பது எப்படி என்று அப்பா கேட்டதும் விட்டுவிட்டார். நாங்கள் ஏழு பேரும் கடலின் பக்கம். மாமியிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு தேடித் தந்தவர் மொஹிதீன் நானா என்ற புரோக்கர். குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேகமாக நடப்பார். நாலைந்து வீடுகள் எங்கள் எண்ணிக்கையைக் கேட்டதுமே கைவிட்டுப் போனபின் அவர் அப்பாவுக்குப் புத்தி சொன்னார்.

"எத்தின பேரெண்டு நீங்க வாயத் தொறக்க வாணாம் சேர். நான் செல்லிக்கொள்றேன். ஆறு பேர்."

"மிச்ச அஞ்சு பேரையும் என்ன செய்யிறது நானா?"

"மெல்ல மெல்லக் கொண்டந்து சேருங்க. ஒரே நாள்ல வந்தாத்தானே வெளங்கும்."

அப்பா பொய் சொல்லிப் பழகாதவர். ஆனாலும் வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில் வீடு இருக்கிறது என்றதும் சம்மதித்துவிட்டார். பார்க்கப் போகும்போது ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் குடும்பம் சின்னதாகத் தெரியும் என்பது நானாவின் யோசனை. என்னைத் தெரிந்தெடுத்தார்கள். என் கெட்டித்தனத்துக்காக என்று பல நாள் நம்பியிருந்தேன். உண்மையில் கிழியாத சட்டை அன்றைக்கு என்னிடம்தான் இருந்தது.

பின்பக்கத்தில் கிணறும் மாமரமும் உள்ள வீடு. வீட்டுக்கார அம்மா பென்ஷன் எடுத்த ஒரு போஸ்ட்மாஸ்டரின் மனைவி. பக்கத்து வீட்டில் இருந்தார். நானா சொன்ன ஆறு பேரை அவர் ஏற்றுக்கொண்டார். எனக்கு ஒரு பிஸ்கட்டும் தந்தார். அப்பா கிணற்றைப் பார்க்கப் போன நேரத்தில் என்னிடம் கதை கொடுத்தார்.

"பிள்ளை எத்தினையாம் வகுப்பு?"

"ஏழாம் வகுப்பு."

"வீட்டில எத்தினை பேர்?"

"பதினொரு பேர். மாமாவுக்கு நைட் டியூட்டி எண்டா பத்துப் பேர்."

கணக்கு டீச்சரின் மருமகள் அல்லவா, துல்லியமாகச் சொன்னேன். நானா குடையை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அந்த அம்மா கோபிக்கவில்லை. அப்பா திரும்பி வந்ததும், "எட்டுப் பேருக்கு மேல ஏலாது, தம்பி. கிணறு ஒண்டு, கக்கூஸ் ஒண்டு. எட்டுப் பேர் எண்டா வாங்கோ" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா யன்னலோரம் இருந்தார். புறக்கோட்டையைத் தாண்டியபின் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "கணக்குச் சரியாத்தான் சொன்னனி" என்றார். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் முன்னறையில் எல்லாரும் இருந்தோம். "பிள்ளையளைப் பிரிச்சுத்தான் அந்த வீடெண்டா எனக்கு வேண்டாம்" என்றார் அம்மா.

"அப்ப பதினொரு பேரையும் ஆர் எடுப்பினம்? சொல்லும் பாப்பம்" என்றார் அப்பா.

மாமி மேசையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நீங்கள் வெள்ளவத்தைக்குப் போங்கோ. நான் வரேல்லை. ஜிந்துப்பிட்டியில ஒரு மேலறை பாத்திட்டன்."

அம்மா அழத் தொடங்கிவிட்டார். "எங்களாலதானே மச்சாள், இந்த வயசில தனிய..." மாமா உடனே தனக்கும் டிப்போவில் படுக்க இடம் இருக்கிறது என்றார். பதினொன்றில் இரண்டு போனால் ஒன்பது. எல்லாரும் மனதுக்குள் கழித்துப் பார்ப்பது முகங்களில் தெரிந்தது. அண்ணாவுக்குப் பரீட்சை வருகிறது. அக்காமார் இருவரும் இல்லாமல் அம்மாவால் சமைக்க முடியாது. எனக்குக் கீழே உள்ள மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள். அப்பா என்னைப் பார்த்தார்.

மாமியின் சிவப்புப் பேனை தாளின் நடுவில் நின்றது. அதை நான் பார்த்தேன். வேறு எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "சரி. அவள் என்னோட வரட்டும்."

ஜிந்துப்பிட்டி அறை, புறக்கோட்டையில் புடைவைக்கடை வைத்திருந்த ஒரு செட்டியார் வீட்டின் மேல்மாடி. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. படியில் ஏறும்போது செட்டியாரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க ஒருத்தர்தான்னு சொன்னீங்களே டீச்சரம்மா? ஒங்களுக்குன்னுதான் வெள்ளையடிச்சு ரெண்டு மாசமா பூட்டி வச்சிருக்கோம்."

"ஓம். இப்ப ரெண்டு பேர்" என்றார் மாமி.

இரண்டு மாதம். வெள்ளவத்தை வீட்டை நாங்கள் பார்த்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. எட்டுப் பேர் என்ற பேச்சே எழுவதற்கு முன்னால் மாமி தனக்கென்று ஓர் அறை பேசி முடித்திருக்கிறார். அம்மா சாகும்வரை அதை மாமி எங்களுக்காகச் செய்த தியாகம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. ஒரு தடவை வாயைத் திறந்து பட்டது போதும்.

அந்த அறையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. பின்னேரம் ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை மாமியோடு கதைக்கக் கூடாது. அவர் தேத்தண்ணீரோடு யன்னலடியில் இருப்பார். வாசிக்க மாட்டார், தைக்க மாட்டார், கும்பிடவும் மாட்டார். கோயில் மணி கேட்கும். கொச்சிக்கடைக்குப் போகிறவர்கள் கீழே நடந்து போவார்கள். அவர் பேசாமல் இருப்பார். முதலில் எனக்கு அது கோபம் போலத் தெரிந்தது. பதினொரு பேர் இருந்த வீட்டில் அவருக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்ததே இல்லை என்பது புரிய எனக்குக் கன காலம் எடுத்தது.

நாலு வருடம் அங்கே இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறுவேன். அங்கே தம்பி தங்கைகள் என்னை விருந்தாளி போல நடத்தினார்கள். நல்ல கோப்பையில் தேத்தண்ணீர் தந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் அப்போது எல்லாருக்கும் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு வேலை கிடைத்தபின் ஒருநாள் மாமியிடம் கேட்டேன்: "நான் வந்தது உங்களுக்குக் கரைச்சலா இருந்ததோ?"

"ஓம்" என்றார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "ரெண்டு வருசம். பிறகு நீ வெள்ளிக்கிழமை போனா, எப்ப வருவாய் எண்டு இருந்தது" என்றார்.

வெள்ளவத்தை வீடு இருந்த இடத்தில் இப்போது எட்டு மாடி. கிணற்றை மூடி அதன்மேல் கார்களை நிறுத்துகிறார்கள். ஜிந்துப்பிட்டி மேலறை பிளாஸ்டிக் சாமான் அடுக்கும் இடமாகிவிட்டது. யன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். சகோதரங்கள் நாலு நாடுகளில். மாமி போய்ப் பன்னிரண்டு வருடம்.

கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு மாறிய அன்று லொறி வரப் பிந்திவிட்டது. கோப்பை, பீங்கான் எல்லாம் கட்டியாகிவிட்டதால் வெறும் தரையில் சுற்றி உட்கார்ந்து, வாழையிலைத் துண்டுகளில் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். மாமாவும் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பதினொரு பேர். அதன்பிறகு ஒரு கல்யாணத்திலோ செத்த வீட்டிலோகூட அந்தப் பதினொரு பேரும் ஒன்றாக இருந்ததில்லை. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. சம்பலில் உப்பு கூடிவிட்டது என்று அண்ணா குறை சொல்லிக்கொண்டிருந்தார்.