நாற்பது பிணங்களும் ஆறு மணி மணப்பெண்ணும்

மணப்பெண் அலங்காரத் தொழிலில் கையைவிட அதிகம் வேலை செய்வது காதுதான். முகத்தை ஒப்படைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவுடன் ஆட்களுக்குக் கதை வந்துவிடும். நாங்கள் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டே கண்மை தீட்டவேண்டும். முடி வெட்டுகிறவர்கள், பல் பிடுங்குகிறவர்கள், பாஸ்போர்ட் படம் எடுக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், எங்கள் ஃப்ளாட்டின் முன்னறைதான் என் கடை. பதினாறு வருடமாக ஆட்களை அழகாக்குகிறேன். ஒரே ஒரு நாள், விடிந்ததிலிருந்து பின்னேரம் வரை, நாற்பது பேரை அசிங்கமாக்கினேன்.

கணவரின் கன்னம்

நிரோஷன் என்ற பொடியன் டீவிக்கு ஒரு தமிழ்த் தொடர் எடுத்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு நோய் வந்து கொழும்பு முழுக்கச் செத்து, செத்தவர்கள் எழும்பி நடந்து மற்றவர்களைக் கடிக்கிற ஸொம்பிக் கதை. ஏழாவது பாகத்துக்கு நாற்பது பிணங்கள் வேண்டும். அவனுடைய மேக்கப்காரர் திடீரென்று கட்டாருக்குப் போய்விட்டார். இந்தப் பாகம் நேரத்துக்குப் போகாவிட்டால் தொடரையே நிறுத்திவிடுவோம் என்று டீவிக்காரர் சொல்லிவிட்டார்களாம். தன் மச்சாளின் கலியாணத்தில் என் வேலையைப் பார்த்தவன், நேரே என்னிடம் வந்து நின்றான். எனக்கு மணப்பெண்கள்தான் பழக்கம் என்றேன். பருவை மறைக்கத் தெரிந்த கைக்குப் பருவை உண்டாக்கவும் தெரியும் என்றான். உண்மையைச் சொன்னால், ஒரே தங்க நிறத்தைக் கண்ணிமையில் பூசிப் பூசி எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது.

முதலில் பழகிப் பார்க்க ஒரு முகம் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை என் கணவரைக் கதிரையில் இருத்தி, டிஷூ பேப்பரும் பசையும் வைத்து, ஒரு கன்னத்தை அழுக வைத்தேன். பாதியில் அவர் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டார். அந்த நேரம் பார்த்து மேல் மாடி பரீதா லாத்தா வட்டிலப்ப இனிப்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். என் கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிண்ணத்தை மெதுவாக மேசையில் வைத்தார். என் கையைப் பிடித்து, அவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "இவ்வளவு நாளா ஏன் எங்களுக்குச் சொல்லல்ல? நல்ல தோல் டொக்டர் ஒராள எனக்குத் தெரியும்."

சோம்பி

படப்பிடிப்பு கொட்டாஞ்சேனையில், பூட்டிக் கிடந்த ஒரு பழைய ஸ்டோர் இருக்கும் தெருவில். நடிக்க வந்தவர்கள் அந்தப் பக்கத்து ஆட்களும் முகத்துவாரத்து ஆட்களும். வரிசையில் முதலாவதாக நின்றவர் ஞானம் அன்ரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் இருபது வருடம் இருக்கிறவர். நல்ல கஞ்சி போட்ட நூல் சாரி, கழுத்தில் செபமாலை.

நிரோஷனின் உதவியாளர் பெயர்களைப் பதிந்துகொண்டு, "அன்ரி, நீங்கள் ஸொம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அன்ரியின் முகம் சுருங்கிப்போனது. கதிரையில் இருந்து சாரித் தலைப்பை இழுத்து இழுத்து விட்டார். மணப்பெண்ணின் தாய்மாரைச் சமாளித்த அனுபவத்தில், ஏதோ மனத்தாங்கல் என்று எனக்கு உடனே தெரிந்தது. என்னவென்று மெல்லக் கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "விடிய நாலரைக்கு எழும்பி, சமைச்சு வைச்சு, பூசையும் கண்டிட்டு வந்தனான் பிள்ளை. என்னைப் பார்த்து அந்தப் பெடியன் சோம்பி எண்டு சொல்லலாமோ?"

சீனி

இரத்தத்துக்குக் கித்துள் பாணியில், அந்த இனிப்புப் பாகில், சிவப்புக் கலரைக் கலந்திருந்தேன். பார்வைக்குப் பிரமாதம். ஒன்பது மணி வெயிலில் எறும்பும் ஈயும் வந்துசேரும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. பிணங்கள் எல்லாம் முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டே நின்றன. ஒரு காகம் ஒருவரின் தோளில் இருந்த சதையைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அது பேக்கரிப் பாணில் செய்த சதை.

ராஜ்குமார் என்று மெலிந்த உயரமான ஒரு ஆள் வந்திருந்தார். பகலில் மருதானையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். அவருக்குக் கீழ்த்தாடையே கழன்று தொங்குவதுபோல் செய்திருந்தேன். அன்றைக்கு நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். பத்து மணிக்கு அவருக்குத் தேத்தண்ணி விடாய் வந்து, தெரு முனைக் கடைக்கு நடக்கத் தொடங்கினார். ஆட்கள் பயந்து ஓடுவதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் நானும் பின்னால் போனேன். கடை முதலாளி ஒரு சிங்கள ஐயா. கோப்பையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தார். தொங்குகிற தாடை, வழிகிற இரத்தம், வெள்ளைக் கண் எல்லாவற்றையும் ஒரு தரம் பார்த்தார். சீனி குறைவாகவா என்று, வழக்கமாக எல்லாரையும் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "சீனி அடுவென்த, மல்லி?"

மரியதாஸ் அண்ணனின் மற்றக் கன்னம்

கடைசியாக வந்தவர் மரியதாஸ் அண்ணன். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அறுபதுக்கு மேல் இருக்கும். தோளில் போட்டிருந்த துவாயின் ஒரு முனையை வலது கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தபடியே கதிரையில் இருந்தார். துவாயை எடுத்தபோதுதான் கண்டேன். காதிலிருந்து உதடு வரை ஒரு ஆழமான தழும்பு. கப்பல் வடம் ஒன்று அறுந்து அடித்ததாம். முப்பது வருடக் கதை. பஸ்ஸில் ஏறினால் அந்தக் கன்னம் ஜன்னல் பக்கம் இருக்கும்படி பார்த்துத்தான் இருப்பாராம்.

நிரோஷன் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தழும்பையே இன்னும் பெரிதாக்கும்படி என் காதில் சொல்லிவிட்டுப் போனான். எனக்குக் கை வரவில்லை. தூரிகையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவருக்கு விளங்கிவிட்டது. இந்தக் கன்னம் இப்படியே இருக்கட்டும், மற்றக் கன்னத்திலும் இதே மாதிரி ஒன்று போட்டுவிடுங்கள் என்றார். அரை மணித்தியாலம் எடுத்துச் செய்தேன். இரண்டு கன்னத்தையும் கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துவாயை மடித்துக் கதிரையிலேயே வைத்துவிட்டு எழும்பினார்.

மூன்று மணிக்குத் தெருவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இரண்டரையாகியும் ஒரு ஷொட் சரியாக வரவில்லை. ஸ்டோர்க் கதவு திறந்ததும் நாற்பது பேரும் திரண்டு வரவேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பு, முன்னுக்கு நிற்க வெட்கம். நிரோஷன் தலையில் கைவைத்துக்கொண்டு நடைபாதையில் இருந்துவிட்டான். அப்போது மரியதாஸ் அண்ணன் முன்னுக்கு வந்தார். துறைமுகத்தில் ஒன்றாய் வடம் இழுக்கும்போது எப்படிக் காலை வைப்பார்கள் என்று காட்டினார். ஒரு கால் ஊன்றி, மற்றக் காலை இழுத்து, பாரத்துக்குச் சாய்ந்த உடம்பு. கதவு திறந்தது. முழு முகமும் வெயிலில் தெரிய அவர் முன்னால் நடந்தார், மற்றவர்கள் அதே கால் கணக்கில் பின்னால் வந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரே தரத்தில் ஷொட் முடிந்தது.

பிறகு, முகம் கழுவுகிற இடத்தில் அவருடைய பொய்த் தழும்பை நான் உரித்து எடுத்துக்கொண்டிருந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "நாப்பது பேருக்க நின்டேன். இவ்வளவு நேரமா ஒருத்தரும் என்னைய ரெண்டாந்தரம் திரும்பிப் பாக்கல்ல, மகள்."

ஆறு மணி மணப்பெண்

அன்றைக்கே எனக்கு பம்பலப்பிட்டியில் ஒரு வரவேற்பு வைபவம். ஆறு மணிக்குப் பெண் தயாராகவேண்டும். ஓட்டோவில் காலி வீதி நெரிசலுக்குள் இருந்துகொண்டு ஈர டிஷூவால் கையைத் தேய்த்தேன். கலர் போகவே மாட்டேன் என்றது. நகக்கண் பத்தும் சிவப்பு.

அங்கே பெண் அழுது முடித்து, இரண்டாம் தரம் அழத் தொடங்கியிருந்தாள். சாரி நிறத்தைப் பற்றித் தாயோடு சண்டை. என் கையைக் கண்டதும் அழுகை நின்றுபோனது. யாருடைய இரத்தம் என்று கேட்டாள். நாற்பது பிணத்தின் கதையையும், காகத்தையும், தாடையையும் சொல்லிக்கொண்டே ஃபவுண்டேஷனைப் பூசினேன். அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு தரம் கண்மை தவறியது. அறை மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தாய், பக்கத்தில் வந்து என் நகங்களைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரத்தத்தைப் பற்றி எனக்கு ஒண்டும் இல்லை. ரெண்டு கண்ணும் ஒரே அளவிலை வந்தால் சரி."

பதினொரு செக்கன்

ஏழாவது பாகம் சொன்ன நேரத்துக்குப் போனது, தொடரும் தப்பியது. ஒளிபரப்பான அன்று எங்கள் ஃப்ளாட்டில் காலை வைக்க இடமில்லை. பரீதா லாத்தா குடும்பத்தோடு வந்து முன் கதிரையில் இருந்தார். கதாநாயகி ஓடினாள், பூட்டை உடைத்தாள், கதவு திறந்தது, பிணங்கள் வந்தன. நிரோஷன் எடிட்டிங்கில் வெயிலை இருட்டாக்கி, மேலே மழையும் பெய்ய வைத்திருந்தான். என் கணவர் எண்ணிப் பார்த்தார்; பதினொரு செக்கன். நடை மட்டும் பயங்கரமாக இருந்தது. என் கன்னமும் தாடையும் சதையும் எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஒருவரும் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள். அப்போது ஃபோன் அடித்தது. ஞானம் அன்ரி. கொட்டாஞ்சேனை முழுக்கப் பார்த்ததாம், கனடாவிலிருந்து மகளும் ஃபோன் எடுத்தாளாம். என் மேக்கப் எப்படி இருந்தது என்று கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். "முகத்தை ஆர் பார்த்தது? சாரியின்ரை கரை அந்த மழைக்குள்ளையும் என்ன வடிவாத் தெரிஞ்சது, பிள்ளை!"

பதினாறு வருடத்தில் நான் அழகாக்கிவிட்ட பெண்கள் அல்பம் வந்ததும் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார்கள், அசிங்கமாக்கிவிட்ட அந்த நாற்பது பேரில் ஒருவர்கூட இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை.