வாய் குறுகிய மரக்கால்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். வலங்கைமானில் அரிசி ஆலை கட்டினேன், நிலம் வாங்கினேன்.

நேற்று ஆலையில் குவிந்த நெல்லைப் பார்த்துப் பேத்தி கேட்டாள்: "இந்தக் கூம்புக் கணக்கெல்லாம் யாருக்குத் தாத்தா உதவும்?"

நெல்லின் சுணை மூக்கில் ஏறியது. சிறுவனாய் அம்மாவோடு நின்ற அன்றும் அதே வாசம். பண்ணைக் களத்தில் அம்மாவுக்குப் புது மரக்காலில் கூலி நெல் அளந்தார்கள். வாய்க்கு மேல் கோபுரமாகக் குவித்து அளப்பது வழக்கம்.

"உசரம் கூட்டி வாயைக் குறுக்கிப்புட்டீங்க. மேல குவியல் சின்னதாகிக் கூலி குறையுதுங்களே," என்றேன்.

"கணக்குப் புலி பேசுதுடா," என்று பண்ணையை நடத்தும் காரியக்காரர் சிரித்தார்.

மறுநாள் அம்மாவைக் களத்தில் ஏற்றவில்லை. வெறும் முறத்தோடு திரும்பினாள். அழவில்லை.

அடுத்த அறுப்பில் விவசாயத் தொழிலாளர் சங்கம் போராடிப் பழைய மரக்காலை மீட்டது. அதற்காக இன்றும் மேடைதோறும் சங்கத் தலைவர்களைப் புகழ்கிறார்கள். அந்தக் கணக்கை முதலில் சொன்னவன் நான். அந்த மேடைகளில் என் பெயரையும் சொல்லுங்கள்.