பேர்ணடெற்றின் கீழுதடு

கையில் நல்ல சீட்டு வந்தால் பேர்ணடெற் கீழுதட்டைக் கடித்துவிடுவாள். மல்வேர்னில் அவள் வீட்டு பேஸ்மென்ற்றில் சனிக்கிழமைகளில் 304 என்ற சீட்டாட்டம் ஆட வருகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். “உன்ர உதடே காட்டிக் குடுத்திடும்” என்று புருஷன் எட்வேட் பகிடி பண்ணுவார். அவள் நம்பியதே இல்லை. கடித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தால்தானே! அவளுக்கு எதிரே அமர்ந்து அவளோடு சோடி சேர்ந்து ஆடுபவர் எட்வேட்டின் சிநேகிதர் கிளிபோட். கோயில் போட்டிகளில் இருவரும் வென்ற கோப்பைகள் கண்ணாடி அலுமாரியில் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் தன் மூளையின் பலன் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

வேலை செய்த பக்டரியை மூடியபோது அவளுக்கு ஐம்பது வயது. எட்வேட்டுக்கோ இடுப்பு நோ, நிற்க ஏலாது. சீட்டில் கெட்டிக்காரி என்று யாரோ சொல்லி, பிக்கரிங் பக்கத்துக் கசினோ ஒன்றில் இருபத்தொன்றைத் தாண்டாமல் கூடச் சேர்ப்பவர் வெல்லும் பிளக்ஜாக் ஆட்டத்துக்குச் சீட்டுப் போடும் டீலராகச் சேர்ந்தாள். பங்குத் தந்தையிடம் ‘ஹோட்டல் வேலை’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். டீலருக்கு லைசென்ஸ்தான் உயிர். ஆடுபவரோடு கூட்டு என்று சந்தேகம் விழுந்தால் அது போய்விடும்; பிறகு எந்தக் கசினோவும் வாசலில்கூட விடாது. இந்தப் பயம் அவளை விடவே இல்லை.

பயிற்சியில் முதல் வாரம் தடுமாறிப்போனாள். 304இல் ஜாக் ராஜா, ஒன்பது மந்திரி. கிங்குக்குப் பெரிய மதிப்பில்லை. இரண்டிலிருந்து ஆறு வரை கட்டிலேயே சேர்க்க மாட்டார்கள். இங்கேயோ அந்தக் கழிவுச் சீட்டுகளைத்தான் கள்ள மூளைக்காரர் கவனிக்கிறார்களாம். அவர்களைக் கண்டுபிடிப்பதற்காக டீலர்மாருக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு முதல் ஆறு வரை விழுந்தால் ஒன்று கூட்டு; பத்தோ படச்சீட்டோ ஏஸோ விழுந்தால் ஒன்று கழி; மற்றதை விட்டுவிடு. கணக்கு ஏறினால் சீட்டுப் பெட்டியில் மிஞ்சியிருப்பவை பெரிய சீட்டுகள், ஆடுபவருக்கு நல்ல காலம். இறங்கினால் கசினோவுக்கு நல்ல காலம். டீலருக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் தலைக்குள் ஏறிய கணக்கு இறங்க மறுத்தது. பஸ் நம்பரைக் கண்டாலும் மனம் கூட்டியது, கழித்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் கிளிபோட் அவள் மேசையில் வந்து குந்தினார். தெரியாதவர்போல “ஹலோ” என்றார். தெரிந்த ஆள் வந்தால் சுப்பவைசரிடம் சொல்ல வேண்டும். அவமானப்படுத்துவானேன் என்று பேர்ணடெற் பேசாமல் விட்டாள். பாவி, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

கிளிபோட் பாடம் படித்துத்தான் வந்திருந்தார். டீலரின் திறந்த சீட்டு ஆறு என்றால் மேலே கேட்காமல் நின்றார், பத்து என்றால் இன்னொரு சீட்டு எடுத்தார். அதில் குற்றமில்லை, எல்லாரும் படிப்பதுதான். ஆனால் அவள் கணக்கு ஏற ஏற அவர் பந்தயம் வைத்த சிப்ஸும் ஏறியது. இந்த மனுசன் எப்போது எண்ணப் பழகினார்? அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கு ஏறும்போதெல்லாம் பேர்ணடெற்றின் உதடு தானாகக் கடிபட்டிருக்கிறது. எட்வேட் சொன்னது பகிடி இல்லை. அலுமாரியில் நின்ற கோப்பைகள் ஒவ்வொன்றாக அவளுக்குள் சரிந்தன.

அந்த நேரம் பார்த்துச் சுப்பவைசர் மெலிசா பின்னால் வந்து நின்று, கமரா அறையிலிருந்து இந்த மேசையைக் கவனிக்கிறார்கள், பயப்படாமல் வேலையைச் செய் என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். பயப்படாமல்! இப்போது சொன்னால், ஏன் முதலே சொல்லவில்லை என்பார்கள். சொல்லாவிட்டால் கமராப் படமே சொல்லும். எண்ணுவதை நிறுத்தப் பார்த்தாள், மனம் கேட்டால்தானே. சின்னச் சீட்டுகள் பெட்டிக்குள்ளேயே கிடக்க, கணக்குப் படுமோசமாக இறங்கியிருந்தது. ஆடுபவர் அடக்கி வாசிக்க வேண்டிய நேரம்.

பேர்ணடெற் கீழுதட்டைக் கடித்தாள். தெரிந்தே கடித்தாள்.

கிளிபோட் முன்னாலிருந்த சிப்ஸ் முழுவதையும் தள்ளி வைத்தார். அவருக்கு ஒரு குயீனும் ஒன்பதும், பத்தொன்பது. நின்றார். அவளுடைய ஆறுக்குக் கீழே கவிழ்ந்திருந்தது இன்னொரு ஒன்பது. அடுத்து இழுத்தது ஐந்து. மொத்தம் இருபது. அவள் சிப்ஸை வாரி எடுத்தாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போனார்.

வேலை முடிய மெலிசா சிரித்துக்கொண்டு வந்தாள். அந்த ஆள் எண்ணுகிறவன் இல்லையாம், மிக மோசமான நேரத்தில் எல்லாவற்றையும் வைத்தானாம், கமரா அறையில் அவனை விட்டுவிட்டார்களாம். பேர்ணடெற் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் உதடு தானாகச் செய்தது. இன்று செய்தது அவள்.

அடுத்த சனிக்கிழமை கிளிபோட் வர மாட்டார் என்றுதான் நினைத்தாள். வந்தார். வழக்கம்போல எதிரே அமர்ந்தார். பிளக்ஜாக் என்ற சொல்லே வாயிலிருந்து வரவில்லை. எப்போது வருமோ என்று அவள் காத்திருந்தாள். அவளுக்கு ஜாக்கும் ஒன்பதும் ஒரே இனத்தில் வந்தன. உதடு தன்பாட்டில் மடிந்தது. அவர் துணிந்து ஏலத்தை ஏற்றிக் கேட்க வேண்டிய இடம்.

“பாஸ்” என்றார் கிளிபோட்.

“என்னடாப்பா, பயந்திட்டியோ? அவளின்ர உதட்டைப் பாக்கேல்லையே?” எட்வேட் சிரித்தார்.

“பாத்தனான். இப்ப அதை நம்பேலாமக் கிடக்கு.”

“உனக்கென்ன விசரே? இவளுக்குப் பொய் சொல்லத் தெரியாதடா” என்றார் எட்வேட்.