டைம்கீப்பர் வீட்டுக் கடல்

பல்வலியே இல்லாத மனிதன் வாராவாரம் பல் டாக்டரிடம் போவானா? என் பக்கத்து வீட்டு அய்யம்பெருமாள் போனார். நாகர்கோவிலில் அந்த டாக்டர், ஆட்கள் காத்திருக்கும் அறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். நீல வெளிச்சம், பாறை, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். அதைப் பார்த்துக்கொண்டு உட்காரத்தான் போனார். சும்மா உட்கார்ந்தால் வரவேற்பில் இருந்த பெண் முறைக்கிறாள் என்று டோக்கன் எடுத்தார். டோக்கன் எடுத்தால் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் எங்கேயாவது வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். இப்படியாக ஒரு கடவாய்ப் பல் போயிற்று.

"அது ஆடிட்டுதான்வே கெடந்து," என்று என்னிடம் சொன்னார். பச்சைப் பொய். அந்தப் பொங்கலுக்கு அதே பல்லால் அவர் கரும்பு கடித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அய்யம்பெருமாள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதாமல் ஒரு வண்டி நகராது. மாவட்டத்தில் அவரிடம் திட்டு வாங்காத டிரைவர் கிடையாது. ஓய்வு பெற்ற மறுநாள் சுசீந்திரத்து வீட்டில் வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னால் நகர்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மகன் ஸ்ரீகுமார் மஸ்கட்டில். மனைவி பகவதியம்மாள் யார் சொல்லியும் நகர்ந்தவள் அல்ல. நான் ரசலையன், அடுத்த காம்பவுண்டு. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவன். ஒரு விசிலுக்கு இன்னொரு விசில் அடங்குமா? எங்களுக்குள் தினமும் சண்டை, தினமும் காப்பி.

பல் போன கையோடு தொட்டி வந்து இறங்கியது. கொச்சியிலிருந்து கண்ணாடிப் பெட்டி, சென்னையிலிருந்து மூட்டை மூட்டையாக உப்பு. உப்பைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்!

"ஓய், நமக்கு மூணு பக்கமும் கடலு கெடக்கு. நீரு சென்னையிலேருந்தா உப்பு வாங்குவீரு?"

"இது வேற உப்புவே."

குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பை எல்லாம் ஒரு மிஷின் வைத்து எடுப்பாராம். எடுத்துவிட்டு இந்த உப்பைப் போடுவாராம். எடுக்கிற உப்பை எடுக்காமலே விட்டால் என்ன என்று கேட்டேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அவன் ஊரில் கடல் இல்லாமல் இருக்கும், அதற்கு நாம் என்ன செய்ய? என் ஸ்கூட்டரில் அவரை ஏற்றி மணக்குடிக்குப் போய் இரண்டு கேன் கடல்நீர் கொண்டுவந்தோம். மழைக்காலம், ஆற்றுத்தண்ணீர் வந்து விழுந்த கடல். வாளியில் ஊற்றி வைத்த தண்ணீர் இரண்டு நாளில் நாறியது. வெள்ளைக்காரன் ஜெயித்துவிட்டான் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அடுத்து, தண்ணீர் பக்குவப்பட வேண்டும், அதுவரை மீன் விடக் கூடாது என்றார். நம் கடலில் பவளம் எடுத்தால் கேஸ் ஆகும் என்பதால் சிமெண்டில் வார்த்த பாறையை அடுக்கினார். வாரக்கணக்காக வெறும் பாறை, மேலே நீல விளக்கு, உள்ளே பம்பின் 'ம்ம்ம்' சத்தம். பூதப்பாண்டியிலிருந்து வந்த பகவதியம்மாளின் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு சித்தி தலையிலிருந்த பிச்சிப்பூவைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். "தண்ணி கெட்டுரும்! தண்ணி கெட்டுரும்!" என்று இவர் வலையோடு ஓடியதை அந்தக் குடும்பம் இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் மீன் வந்தது. பண்ணையில் பொரித்த கோமாளி மீன் இரண்டு. பாசி தின்ன நத்தைகள். கூடவே ஒரு கடல் சாமந்தி. பேர்தான் பூ, உண்மையில் அது பாறையில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக ஆடும் ஒரு ஜீவன். கோமாளி மீனுக்கு வீடே அதுதான். அய்யம்பெருமாள் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் பார்த்தேன். மீன் காலையில் பாறைக்குள்ளிருந்து வெளியே வரத் தாமதித்தால், "எடு வண்டிய! எடு வண்டிய!" என்று கண்ணாடியைத் தட்டுவார். மீன் வரும். அவர் சொல்லி நகர்வதற்கு அந்த வீட்டில் இரண்டு உயிர் கிடைத்துவிட்டது.

ஆனால் பகவதியம்மாள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். சுத்த சைவக் குடும்பம். முட்டை போட்ட கேக் கூட அவர்கள் வாசலைத் தாண்டாது. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுப்பது முறுக்கும் முந்திரிக்கொத்தும்தான்.

"நீங்க என்னத்த வேணும்னாலும் வளத்துக்கிடுங்க. இந்த வீட்டுல இருக்கது எல்லாம் சைவந்தான் திங்கணும். கவுச்சி வாசலைத் தாண்டிச்சுன்னா அன்னைக்கே பெட்டி தெருவுக்குப் போயிரும்."

செய்யக்கூடியவள். ஹாஸ்டலில் ஆம்லெட் தின்ற தட்டு என்று தெரிந்ததும் மகனுடைய எவர்சில்வர் தட்டைத் தெருவில் எறிந்தவள்.

டப்பாவில் வந்த மீன் தீனியை அவள் முகர்ந்து பார்த்தாள். டப்பா குப்பைக்குப் போயிற்று. அப்புறம் அந்தக் கோமாளி மீன்களுக்கு அகத்திக்கீரை, அவித்த பட்டாணி, சஷ்டி அன்றைக்குத் தேங்காய்த் துருவல். மீன்கள் ஏதோ கொறித்துக்கொண்டு கிடந்தன. சாமந்திதான் சுருங்கியது. விரித்தால் தட்டகலம் இருந்தது, பாக்கு அளவுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் மதிலுக்கு மேலே அய்யம்பெருமாளின் தலை தெரிந்தது. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"செத்துரும்வே. அதுக்கு றாலு வேணும். பொடிசா நறுக்கி ஒரு துண்டு குடுத்தாப் போரும்."

என் மனைவி நேசபாய்க்கு மனசு கேட்கவில்லை. எங்கள் ஃப்ரீசரில் ஒரு டப்பா இறால் அவருக்கென்று ஒதுங்கியது. பகவதியம்மாள் சாயங்காலம் தீபாராதனைக்குக் கோயிலுக்குப் போனதும் இவர் வருவார். மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு இறாலை நறுக்குவார். பார்க்காமல் நறுக்கினால் விரல் போகாதா? இரண்டு தடவை போயிற்று. துண்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, அந்தக் கூட்டைச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கடத்துவார். சாமந்தி பிழைத்தது. மறுபடி விரிந்து ஆடியது.

"கீரை பிடிச்சிருக்கு, பாத்தியளா அண்ணாச்சி?" என்று பகவதியம்மாள் என்னிடம் பெருமைப்பட்டாள். நான் சபை மூப்பன். பொய் சொல்லக் கூடாது. இருமினேன்.

அப்போதுதான் லெந்து நாட்கள் வந்தன. ஈஸ்டர் வரைக்கும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி எதுவும் கிடையாது. நேசபாய் ஃப்ரீசரைக் கழுவித் துடைத்துவிட்டாள். அய்யம்பெருமாள் மதிலில் வந்து நின்று கெஞ்சினார்.

"ஒரு சின்ன டப்பாதானவே?"

"ஓய், எனக்கே இல்ல! நானே சாம்பாரைக் குடிச்சிட்டுக் கெடக்கேன், உம்ம சாமந்திக்கு எங்க போவேன்?"

மீன் தின்னாத நாட்களில் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல். அவர் தானே போய் வாங்குவது என்று முடிவு செய்தார். சுசீந்திரத்தில் வாங்க முடியாது. நாகர்கோவிலில் எல்லோருக்கும் தெரியும். அஞ்சுகிராமம் போகலாம் என்று யோசித்து, அடையாளம் தெரியாமல் இருக்க ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எதில்? பஸ்ஸில்! நீங்களே சொல்லுங்கள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் பஸ்ஸில் வேறு யாரையாவது பார்ப்பார்களா? ஏறிய உடனே டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்ன சார், சுகமா இருக்கியளா?" என்று கேட்டிருக்கிறார்.

அஞ்சுகிராமம் மீன் சந்தையில் அவர் ஹெல்மெட்டோடு குனிந்து, "ஒரே ஒரு றாலு தருவியளாம்மா?" என்று கேட்க, மீன்காரி திட்டிய திட்டுக்கு ஊரே கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்து வந்த அந்த பஸ் டிரைவர் மரியாதை தெரிந்தவர்; பழைய அதிகாரியைக் கண்ட சந்தோஷத்தில் ஒரு போட்டோ எடுத்தார். போக்குவரத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: 'நம்ம டைம்கீப்பர் சார், மீன் சந்தையில்.' பகவதியம்மாளின் தம்பி பத்மகுமார் கண்டக்டர். படம் அவர் கையிலிருந்து அக்காள் கைக்கு வந்துசேர்ந்தபோது அய்யம்பெருமாள் இன்னும் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

பகவதியம்மாள் மதிலுக்கு வந்து, "அண்ணாச்சி, இஞ்ச வாங்க," என்று என்னைக் கூப்பிட்டாள். போனேன். போனைக் காட்டினாள். ஹெல்மெட் இருந்தாலும் அந்தத் தொப்பையை எங்கே மறைப்பது? அவர்தான். கொஞ்ச நேரத்தில் ஆளும் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு புடைத்துக்கொண்டிருந்தது.

"மீன் சந்தைக்குப் போனியளா?"

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். இரண்டு மீனும் சாமந்திக்குள் புரண்டுகொண்டிருந்தன. உண்மையைச் சொன்னால் அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தொட்டி தெருவில் கிடக்கும்.

"போனேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஓட்டல்ல குடுத்துப் பொரிச்சுத் தின்னேன். கொஞ்ச நாளாட்டுத் திங்கேன், பகவதி."

வெங்காயம் கூட விரத நாளில் தொடாத மனிதன்! பகவதியம்மாள் சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். அவளோ உள்ளே போய் ஒரு தட்டையும் தம்ளரையும் எடுத்துவந்து தனியே வைத்தாள். அவருடைய பாயையும் தலையணையையும் தொட்டி இருந்த முன்னறையில் கொண்டு போட்டாள். நான் படியிறங்கும்போது கூட வந்த அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"உமக்குக் கிறுக்கா ஓய்? உண்மையைச் சொல்லித் தொலைச்சா என்ன?"

"என்னை வெளிய தள்ள மாட்டாவே. பெட்டியத் தள்ளிருவா," என்றார்.

ஊர் சும்மா இருக்குமா? முப்பது வருஷம் அவர் விசிலுக்கு அடங்கி வண்டி எடுத்தவர்கள் எல்லாம் டீக்கடையில் மடக்கினார்கள். "சார், இன்னைக்கு அயிலையா, சாளையா?" அவருக்கு இரண்டும் தெரியாது. தலையை நிமிர்த்தி, "சாளை," என்று சொல்லிவிட்டு நடப்பார். கோயில் கமிட்டியில் பேரை எடுத்துவிட்டார்கள். மஸ்கட்டிலிருந்து மகன் கூப்பிட்டு, "அப்பா, கொலஸ்ட்ரால் பாத்துக்கிடுங்க," என்றான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். இப்போது ஹெல்மெட் இல்லாமலே அஞ்சுகிராமம் போய்வந்தார். சாமந்தி தாம்பாளம் அளவுக்கு விரிந்தது.

பகவதியம்மாள் மட்டும் இளைத்துக்கொண்டே போனாள். நேசபாய் கூப்பிட்டால் கூட மதிலுக்கு வருவதில்லை. ஈஸ்டர் முடிந்த வாரம் அவளாகவே வந்தாள். நான் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி நேசம், மீன் கொளம்பு எப்பிடிட்டி வைக்கது?"

நேசபாய் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் வச்ச பருப்பையும் அவியலையும் தின்னுட்டு, ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்காரு மனுசன். உள்ளுக்குள்ள அந்த ஆசைய வச்சிட்டு! எனக்குத் தெரியாமப் போச்சே. இந்த வயசுல பஸ் ஏறிப் போயி கண்ட எண்ணெயில பொரிச்சதைத் திங்காரு. நான் எதுக்கு இருக்கேன்? சாளைதான் பிரியமாம், டீக்கடையில சொன்னாராம்."

"நான் வச்சுத் தாரேன்க்கா," என்றாள் நேசபாய்.

"வேண்டாம். என் கையால வைக்கேன்."

என் வாயில் உண்மை வந்து நின்றது. சொல்லியிருந்தால் அவள் பாரம் இறங்கியிருக்கும், தொட்டியும் இறங்கியிருக்கும். அது அவர்கள் வீட்டு விஷயம், அவர் வாயால் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கொல்லையில் மூன்று கல் வைத்து, புதுச் சட்டி ஏற்றினாள். நேசபாய் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லச் சொல்ல, அவள் தேங்காய் அரைத்தாள், மாங்காய் நறுக்கினாள், சேலைத் தலைப்பால் மூக்கை இறுக்கக் கட்டிக்கொண்டு சாளையைச் சட்டியில் போட்டாள். நடுவில் இரண்டு தடவை வாழைமூட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு வந்து கொதி பார்த்தாள். பிறகு தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு, முன்னறையில் இலை போட்டாள். துணைக்கு என்னையும் அவர் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு இலை.

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. அய்யம்பெருமாளின் முகம் செத்துப் போயிருந்தது. மீனை எந்தப் பக்கத்திலிருந்து பிய்ப்பது என்று கூட அந்த மனிதனுக்குத் தெரியவில்லை. அப்படியே முழுசாக எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"முள்ளு இருக்கும், பாத்து! நேசம் சொல்லித் தந்திருக்கா," என்று பகவதியம்மாள் பதறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்து மீனை வாங்கித் தன் விரலால் பிளந்தாள். ஒவ்வொரு முள்ளாக எடுத்து இலையோரம் வைத்தாள். சதையைச் சோற்றில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இத்தற வருசம் என்னால பட்டினி கெடந்திட்டிய. தின்னுங்க."

"பகவதி..." என்று தொடங்கினார். சொல்லிவிடப் போகிறார் என்று நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். அவர் அவளுடைய விரல்களைப் பார்த்தார். குழம்பும் செதிளும் ஒட்டியிருந்த விரல்கள். சோற்றைப் பிசைந்து வாயில் போட்டார். விழுங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மறுபடி போட்டார். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றார்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"இதுமாரி நான் தின்னதே இல்ல," என்றார்.

பல நாள் கழித்து பகவதியம்மாள் சிரித்தாள். "செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பொறுத்துக்கிடுங்க," என்றாள். "மத்த நாளெல்லாம் வைக்கேன்."

"வை," என்றார் அய்யம்பெருமாள்.